படிக்கப் போகும் பிள்ளை எதைக் கொண்டு வர வேண்டும்?

(எழுவைதீவில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகுக்காகக் காத்து நின்றேன். பக்கத்தில் புத்தகப் பையோடு ஒரு பெண்பிள்ளை. "எங்க பிள்ளை போட்டு வாறீர்?" என்று கேட்டேன். "ரியூசனுக்கு, ஐயா" என்றார். உயர்தரம் முடித்த பிறகு என்ன எண்ணம் என்று விசாரித்தேன். "வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கோணும்." எந்த நாடு என்றேன். "எந்த நாடெண்டாலும் பரவாயில்லை, ஐயா" என்றார்.

அந்தப் பிள்ளையின் ஆசையில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தீவில் பிறந்தவருக்குக் கல்வி என்றாலே கடல் கடப்பதுதான். மேல்வகுப்புக்கு ஒரு கடல். பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கடலும் அதற்கப்பால் நெடும் பாதையும். மாரியில் வாடை பலத்தால் படகு ஓடாது. அன்றைக்குப் பாடமும் இல்லை. நகரத்துப் பிள்ளை விமானம் ஏறும் நாளில்தான் வீட்டைப் பிரிகிறது. எங்கள் பிள்ளை படிப்புக்காக வீட்டைப் பிரிவதை அதற்கு வெகு முன்பே பழகிவிடுகிறது. ஆகவே, வெளிநாடு போய்ப் படிக்கும் துணிவை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது உங்கள் இரத்தத்தில் இருக்கிறது.

எனக்குள் எழுந்த கேள்வி வேறு. எந்த நாடென்றாலும் சரி என்று புறப்படுகிறவர் எதைத் தேடிப் போகிறார்? ஒரு நாட்டில் அல்ல, பல நாடுகளில் படித்தாலும், அந்தப் படிப்பு ஒரு மனிதரை எப்படி வளர்க்கிறது? விடைக்காக நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. கிழக்கே தெரிகிற அந்தக் கரையில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில், 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் அந்த விடை இருக்கிறது. சேவியர் தனிநாயகம் அடிகளைச் சொல்கிறேன்.

அவருடைய தந்தையார் வழி நெடுந்தீவு. பெற்றோர் இட்ட பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். குருவாகும் எண்ணத்தோடு கொழும்புக் குருமடத்தில் சேர்ந்தார். 1934இல், 21 வயதில், உரோமாபுரிக்குக் கப்பல் ஏறினார். 1938இல் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, இறையியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இந்த இடத்தில் எங்கள் கடலின் பழைய கதை ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஒல்லாந்தர் இந்தக் கடலை ஆண்ட காலத்தில், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க். நெடுந்தீவு டெல்ஃப்ட். வேலணையும் கரம்பொன்னும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெரிய தீவு லெய்டன். கடல் கடந்து வந்தவர்கள் எங்கள் மண்ணில் தங்கள் ஊரைக் கண்டார்கள். தங்கள் ஊரின் பெயரையே எழுதிவிட்டுப் போனார்கள். அதே லெய்டன் தீவில் பிறந்த ஒரு பிள்ளை, அவர்கள் வந்த திசையிலேயே ஐரோப்பாவுக்குப் போனது. போய் என்ன செய்தது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

உரோமாபுரியில் அவர் படித்த ஊர்பன் பல்கலைக்கழகம், உலகின் பல நாடுகளிலிருந்தும் குருத்துவ மாணவர்கள் வந்து கூடும் இடம். பாடங்கள் இலத்தீனில். தெருவிலே இத்தாலியம். உணவு மேசையில் ஆளுக்கொரு தாய்மொழி. தீவுப்பகுதியிலிருந்து போன இளைஞருக்கு அது பெரிய திறப்பு. மொழிகள் அவருக்கு வசப்பட்டன. பிற்காலத்தில் பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், போர்த்துக்கேயம் எல்லாம் அந்த வரிசையில் சேர்ந்தன.

பல நாட்டவர் கூடும் இடத்தில் இன்னொன்றும் நடக்கும். ஒவ்வொருவரும் மற்றவரிடம் அவருடைய நாட்டைப் பற்றிக் கேட்பார்கள். உன் மொழி எவ்வளவு பழையது? உன் புலவர்கள் யார்? அவர்கள் எதைப் பாடினார்கள்? ஆங்கிலத்தில் பள்ளிக் கல்வி பெற்ற அக்காலத்து இளைஞருக்குத் தன் மொழியின் இலக்கியம் எவ்வளவு தெரிந்திருக்கும்? வர்ஜிலைத் தெரியும், தாந்தேயைத் தெரியும், கபிலரைத் தெரியாது என்ற நிலை எத்தனையோ பேருக்கு இருந்தது. பலர் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போனார்கள். தனிநாயகம் அதை ஒரு குறையாக உணர்ந்தார். உரோமாபுரியிலேயே தமிழ் மாணவர்களைச் சேர்த்து, வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்துத் தமிழ் படிக்கத் தொடங்கினார். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்ற ஒரு துறவியின் பெயரை, தமிழ்த் தீவில் பிறந்து இத்தாலிக்குப் போனவர்கள் தங்கள் கழகத்துக்கு வைத்தார்கள்.

அடுத்து அவர் செய்ததைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். படிப்பு முடிந்தது. கலாநிதிப் பட்டம் கையில் இருக்கிறது. உரோமாபுரியில் படித்து வந்த குரு என்றால் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரைத் தேடிச் சென்று, அவரிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். பகலில் மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். அந்தப் பண்டிதர் முன்னிலையில் அவரே பிள்ளை. இப்படி ஆண்டுக்கணக்கில் படித்தார். தனிநாயகம் என்ற முன்னோர் வழிப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

இதோடு நின்றாரா? 1945இல் சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுமாணி வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது. உடன் படித்தவர்கள் அவரைவிட மிக இளையவர்கள். முதுமாணிப் பட்டத்தின் பின் எம்.லிட். ஆய்வு. பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை என்பது ஆய்வுப் பொருள்.

அந்த ஆய்வில்தான் அவருடைய இரண்டு படிப்புகளும் ஒன்று சேர்ந்தன. சங்கப் புலவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பகுத்து, நிலத்தோடு மனித உணர்வைப் பொருத்திப் பாடிய முறையை அவர் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டார். வடக்கன்குளத்தில் படிக்காதிருந்தால் நெய்தல் அவருக்குத் திறந்திருக்காது. உரோமாபுரியில் படிக்காதிருந்தால் நெய்தலின் தனித்தன்மையை உலகத்துக்கு எடுத்துக்காட்டும் வழி தெரிந்திருக்காது. நெய்தல் என்பது என்ன? உங்கள் வீட்டு வாசல்தான். காயும் வலை, உப்புக் காற்று, தாழை மரம், கடலுக்குப் போனவரை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும் பெண். ஈராயிரம் ஆண்டுக்கு முன் அதை இலக்கியத்தின் ஐந்து நிலங்களில் ஒன்றாக வைத்த மொழி உங்களுடையது. இதை உலக அறிஞர் அவையில் எடுத்துச் சொன்னவர் உங்கள் பக்கத்துத் தீவுக்காரர்.

அதன் பின் அவர் உலகம் சுற்றினார். அமெரிக்கா, யப்பான், தென்கிழக்காசியா, ஐரோப்பா என்று நாடு நாடாகப் போய்த் தமிழிலக்கியத்தைப் பற்றிப் பேசினார். போன இடமெல்லாம் பேசியதோடு தேடவும் செய்தார். சயாம் அரசவையில் நடந்துவந்த மார்கழித் திருவிழாவின் பெயரில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிப்பதைத் தமிழர்களுக்கு எழுதிக் காட்டினார். லிஸ்பனில் 1554இல் அச்சான ஒரு சிறு நூலை எங்கள் கவனத்துக்குக் கொண்டு வந்தார். தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துக்கேய மொழியோடு சேர்த்து வந்த சமய நூல் அது. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூலாகிய தமிழ்த் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். அதற்கும் 24 ஆண்டு முற்பட்டது லிஸ்பன் நூல். அந்தாவ் தெ புரோயென்சா என்ற யேசு சபைக் குரு தொகுத்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. தனிநாயகம் அடிகள் அதை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

இந்த நூல்கள் ஏன் முக்கியம்? முந்நூறு, நானூறு ஆண்டுக்கு முன் சாதாரண மக்கள் எப்படித் தமிழ் பேசினார்கள் என்பதற்குச் சாட்சி அவற்றில் இருக்கிறது. செய்யுள் நூல்கள் அந்தப் பேச்சைப் பதிந்து வைக்கவில்லை. வெளியே இருந்து வந்து மொழி கற்றவர், தன் காதில் விழுந்ததை எழுதி வைத்தார். அந்தச் சாட்சி ஐரோப்பிய நூலகங்களின் அலுமாரிகளில் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்க இலத்தீன் தெரிய வேண்டும், போர்த்துக்கேயம் தெரிய வேண்டும், தமிழும் ஆழமாகத் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்த ஒருவர் தீவுப்பகுதியிலிருந்து போய்ச் சேரும் வரை அவை காத்துக் கிடந்தன. பல நாட்டுப் படிப்பின் பயன் என்னவென்று யாராவது கேட்டால், அந்த அலுமாரிகளைத்தான் நான் காட்டுவேன்.

1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். தமிழ் வாசிக்கத் தெரியாத அறிஞரும் தமிழைப் பற்றி அறிய அது வாசலாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்துகொண்டே மறுபடியும் மாணவரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் அவரை இந்தியவியல் துறைப் பேராசிரியராக அழைத்தது.

1964 சனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு கூடியபோது, பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் போன்றவர்களோடு சேர்ந்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். தலைவர் பிரான்சு நாட்டு அறிஞர் ழான் ஃபிலியோசா. பொறுப்பாளர்களில் ஒக்ஸ்போர்ட்டின் பரோ, கலிபோர்னியாவின் எமனோ, செக் நாட்டின் கமில் சுவலபில் இருந்தார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்தின் கைப்பரும் இருந்தார். எங்கள் தீவுக்கு லெய்டன் என்று பெயர் சூட்டிவிட்டுப் போனவர்களின் நாட்டிலிருந்து, அந்தத் தீவின் மகன் அழைத்த அழைப்புக்கு, லெய்டன் பேராசிரியர் ஒருவர் தமிழுக்காக வந்து அமர்ந்தார்.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். 1968இல் சென்னை. 1970இல் பாரிஸ். 1974 சனவரியில் யாழ்ப்பாணம். யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி இரவில் உயிர்கள் பறிபோன துயரத்தை இந்த அவையில் உள்ள மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். அந்தத் துயரத்துக்கு முந்திய நாட்களில், ஊரெங்கும் வாழையும் தோரணமுமாக, உலக அறிஞரை எங்கள் மக்கள் வரவேற்ற மகிழ்ச்சியையும் அவர்கள் அறிவார்கள்.

பிள்ளைகளே, இந்த வாழ்க்கையில் நான் காண்பது இது. உரோமாபுரி, சிதம்பரம், இலண்டன் என்று மூன்று நாடுகளில் அவர் மாணவராக இருந்தார். ஒவ்வொரு முறையும் முன்பு பெற்ற பெருமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். அவர் போன ஒவ்வொரு நாடும் அவருடைய சொந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றைச் சுட்டிக் காட்டியது. அவர் அதைத் தேடிப் படித்தார், படித்ததைத் திருப்பிக் கொடுத்தார். இதைத்தான் நான் வளர்ச்சி என்பேன். பட்டங்களின் எண்ணிக்கையும் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகளும் வளர்ச்சிக்கு அளவுகோல் ஆகமாட்டா.

என் வாழ்க்கையிலும் இதன் ஒரு சிறு துளியை நான் அனுபவித்திருக்கிறேன். நான் இந்தத் தீவில் பிறந்தவன். சென்னையில் சில காலமும் பின்பு நோர்வேயில் சில காலமும் படித்தவன். நோர்வே எங்களைப் போலவே கடலை நம்பி வாழும் மக்களின் நாடு. அங்கே ஒரு நாள் வகுப்பில், எங்கள் ஆசிரியை ஒவ்வொரு மாணவரிடமும் உங்கள் ஊரில் காற்றுகளுக்கு என்ன பெயர் என்று கேட்டார். எனக்கு வாடை தெரியும், சோழகம் தெரியும். அதற்கு மேல் வரவில்லை. என் அப்பு கடற்றொழிலாளி. நாற்பது ஆண்டு இந்தக் கடலில் வள்ளம் வலித்தவர். அவருடைய மகனாகிய எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அன்றிரவு வெட்கத்தோடு அப்புவுக்குக் கடிதம் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றையும் எழுதி, எந்த மாதத்தில் எது எழும்பும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். கடைசியில், "இதையெல்லாம் நீ ஒருநாளும் கேட்கேல்லை, அதுதான் சொல்லேல்லை" என்று ஒரு வரி. அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்து வகுப்பில் வாசித்தேன். ஆசிரியை அதைப் படியெடுத்துத் தரும்படி கேட்டார். அன்றுவரை அப்பு பள்ளிக்கூடம் போகாதவர் என்று எண்ணியிருந்தேன். அப்பு ஒரு பள்ளிக்கூடம் என்பதை ஐயாயிரம் மைல் தள்ளிப் போய்த்தான் அறிந்தேன்.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே நினைக்காமல் போக முடியாது. இந்தத் தீவுகளிலிருந்து பலர் படிக்கப் போகவில்லை, உயிர் தப்பப் போனார்கள். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள். சிலர் பல நாடுகளின் எல்லைகளைக் கால்நடையாகவும் லொறியிலும் கடந்து பாரிசுக்கோ ரொறொன்ரோவுக்கோ சுவிசுக்கோ போய்ச் சேர்ந்தார்கள். உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சும் ஜேர்மனும் கற்றார்கள். அவர்களுக்குப் பட்டமளிப்பு விழா நடக்கவில்லை. ஆனால், புதிய மொழியை, புதிய சட்டத்தை, புதிய குளிரைக் கற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஊருக்கும் உதவுகிற அவர்களையும் பல நாடுகளில் கற்றவர்கள் என்றே நான் மதிக்கிறேன். அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்பதோடு, என்ன கற்றீர்கள் என்றும் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பக் காணியை ஈடு வைக்கிறீர்கள், நகையை விற்கிறீர்கள். அந்தத் தியாகத்தை நான் அறிவேன். அனுப்பும் முன் பிள்ளையிடம் எந்த நாடு என்று கேட்பதைவிட, எதைப் படிக்கப் போகிறாய், ஏன் என்று கேளுங்கள். அந்த ஏனுக்குப் பதில் கிடைத்தால், நாடு எது என்பது தானாகவே தெளியும். நீர்வளம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு நாடு, கடலுயிர் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இன்னொரு நாடு. நன்னீர் அரிதான இந்தத் தீவில் கிணறு உவராவதைத் தடுக்க ஒருவர் படித்து வர வேண்டும். சூரிய ஒளியையும் காற்றையும் மின்சாரமாக்கும் தொழில்நுட்பம் எங்கள் தீவுக்கே வந்துவிட்டது. அதைப் பழுதுபார்த்துப் பராமரிக்க எங்கள் பிள்ளையே படித்து வந்தால் எவ்வளவு நன்று! பனை இருக்கிறது, கடலட்டை இருக்கிறது, பவளப் பாறை இருக்கிறது. கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

எல்லோரும் திரும்பி வந்து இங்கேயே குடியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தனிநாயகம் அடிகளும் தன் வாழ்நாளில் பல ஆண்டுகளை வெளியில்தான் கழித்தார். ஆனால் எங்கே இருந்தாலும் அவர் செய்த வேலையில் இந்த மண்ணுக்குப் பங்கு இருந்தது. இறுதிக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, 1980 செப்டம்பர் 1ஆம் திகதி கண்மூடினார்.

முடிக்கும் முன் பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வெளிநாடு போக எண்ணும் ஒவ்வொருவரும் இன்றே ஓர் அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் போய் உட்காருங்கள். இந்தக் கடலின் காற்றுகள், மீன்கள், கரைகள், துறைகள், மழைக்குறிகள், மருந்துச் செடிகள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஒரு கொப்பி நிரம்பட்டும். அதை உங்கள் கடவுச்சீட்டோடு சேர்த்துப் பையில் வையுங்கள். போகிற நாட்டில் யாராவது உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், என்னைப் போல விழிக்காமல் நிமிர்ந்து பதில் சொல்லுங்கள். அங்கே கற்றவற்றை அந்தக் கொப்பியின் மறுபக்கத்தில் எழுதுங்கள். வரும்போது அதைக் கொண்டு வந்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மேசையில் வையுங்கள்.

இன்று காலை துறையில் நான் கண்ட அந்தப் பிள்ளை இந்த அவையில் இருந்தால், முதல் கொப்பியை வாங்கித் தருவது என் பொறுப்பு, மகள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாரும்.